பூஜை அறை சென்சார்

"லிஃப்ட் இருக்குதல்ல கண்ணு, இனிமேலுக்குப் படி ஏறாத" என்று மாமியார் போனில் சொன்னபோது, சிந்துஜா பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

"ஏனுங்க அத்தை? எனக்குக் கால் நல்லாத்தான இருக்குது."

"காலுக்கு ஆரு சொன்னா? சூதானமா இருக்கோணும்னு சொல்றேன். அப்பறம் அந்த ஜெர்மனிக்குப் போறதையும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திப்போடு. அந்தக் குளிரு இந்த நேரத்துக்கு ஆகாது."

"எந்த நேரத்துக்குங்க?"

கோபிசெட்டிபாளையத்தில் விசாலாட்சி வாய்விட்டுச் சிரித்தாள். மருமகள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துவிட்டாள். "எங்கிட்டயே ஒளிக்கறயாக்கும்! மாசமா இருக்கற பொண்ணு மொகத்தைப் பாத்தாத்தான் தெரியோணுமா? பாக்காமயே தெரிஞ்சுது எனக்கு."

சிந்துஜா கையை வெளியே எடுத்து, கிரீஸைத் துணியில் துடைத்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. எனக்குத்தான் பிசிஓடி இருக்குதே, நாள் எப்பவும் முன்னப் பின்னத்தான். யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

"ஆரு சொல்லோணும்? போன மாசம் பூரா, இந்த மாசமும் இன்னைக்கு வரைக்கும், ஒரு நா விடாம பூஜை ரூமுக்குள்ள போயிட்டு வந்திருக்கறே. நடுவுல ஒருக்காக்கூட விளக்கு நிக்கலை. எனக்குக் கணக்குத் தெரியாதா?"

சிந்துஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் பூஜை அறை சரவணம்பட்டியில், ஐந்தாவது மாடியில் இருக்கிறது. மாமியார் கோபியில் இருக்கிறாள், தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும், நான் பூஜை ரூமுக்குப் போனது?"

 "ரகு உன்னட்ட சொல்லலையா?" என்றாள் விசாலாட்சி. கேட்ட கையோடு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்தும்விட்டாள்.

அது வீட்டுக்கு வீடு ஒரு மூளையை வாங்கி வைத்துக்கொள்வது மோஸ்தராகியிருந்த காலம். சோப்பு டப்பா அளவில் ஒரு ஹப். அதோடு பல்பு, பிளக், கதவு, கட்டில் என்று எதை வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். நாலு வாரம் போனால் அது வீட்டு மனிதர்களைப் படித்துவிடும். எப்போது குளிப்பார்கள், எப்போது சண்டை போடுவார்கள், சண்டைக்குப் பிறகு யார் ஹாலில் படுப்பார்கள் எல்லாம் அதற்கு அத்துப்படி. ரகுநந்தன் அதை வாங்கியே தீருவேன் என்று நின்றான். அவன் அப்படித்தான், புதிதாக ஏதாவது வந்தால் கை துறுதுறுக்கும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவேண்டிய கட்டம் வந்தால் மனைவியைத்தான் கூப்பிடுவான்.

சிந்துஜா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வைஃபை பல்பு வேண்டவே வேண்டாம் ரகு. அது ஒவ்வொண்ணும் நேரா வெளிய போய் எவன்கிட்டயோ பேசும். ஜிக்பீ வாங்கு. அதுல எல்லாம் வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். பேட்டரில ஓடற சென்சார் பக்கத்துல இருக்கற பல்புகிட்ட குசுகுசுன்னு சொல்லும். பல்பு அடுத்த பிளக்குகிட்ட சொல்லும். கடைசில ஹப்புக்கு வந்து சேரும். அதோட முடிஞ்சுது, வாசப்படி தாண்டாது."

"நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப் மாதிரின்னு சொல்லு."

"அது வாசப்படி தாண்டும். இது தாண்டக்கூடாது. தாண்டுச்சுன்னா நான் இந்தப் பொட்டியைத் தூக்கி வீசிருவேன்."

"சத்தியமாத் தாண்டாது, போதுமா?" என்றான் ரகு. அவள் தலையில் கையும் வைத்தான். அதனால்தான் அந்த ஹப்புக்குக் கமுக்கம் என்று பெயர் வைத்தாள். பேசுவதற்கு ரகு கோயமுத்தூர்க் குரலைத் தேர்ந்தெடுத்தான். எதற்கெடுத்தாலும் 'ங்க' போட்டு அவ்வளவு பணிவாகப் பேசும்.

முதல் நாள் அது கேட்ட முதல் கேள்வி, "குடும்பத் தலைவர் யாருங்க?" என்பது. சிந்துஜா அப்போது ஸ்டூலின் மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக் குளியலறைக் கதவில் சென்சார் ஒட்டிக்கொண்டிருந்தாள். "என் பேரைப் போட்டுக்கறேன் சிந்து, சும்மா ஒரு பேருக்கு" என்றான் ரகு. பேருக்குத்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு கொஞ்ச நாளில் தகராறு ஆரம்பித்தது. சமையலறைச் சென்சாரும் பூஜை அறைச் சென்சாரும் அடிக்கடி காணாமல் போயின. ஆள் நுழைந்தால் விளக்கு எரியவேண்டும், எரியாது. சிந்துஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதோடு மல்லுக்கட்டினாள். வைஃபை மோடத்தின் முதுகில் ஹப்பை ஒட்டி வைத்திருந்ததுதான் காரணம், இரண்டும் ஒரே அலைவரிசையில் கத்திக்கொண்டிருந்தன. ஹப்பைத் தள்ளி வைத்தாள், அதன் சேனலை மாற்றினாள், இரண்டு சென்சாரையும் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு, ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்திப் புதிதாகச் சேர்த்தாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருந்தன. பெயர் கொடுத்து, கொண்டுபோய் ஒட்டிவிட்டு, சமையலறைக்குள் நுழைந்தாள். பூஜை அறையில் சீரியல் பல்பு எரிந்தது.

மாற்றி ஒட்டிவிட்டாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு, விளக்கு தானாக எரிகிற ஏற்பாட்டை மட்டும் அப்போதைக்கு நிறுத்தி வைத்தாள். பெயரை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டவள்தான், அந்த அப்புறம் வரவேயில்லை. அதற்குள் ஜெர்மனிப் பயிற்சிக்குத் தேர்வான செய்தி வந்துவிட்டது.

ஒரு வருடப் பயிற்சி. திரும்பி வந்தால் வடிவமைப்புப் பிரிவே அவள் கைக்கு வரும். அதுவரை குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். விசாலாட்சி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் உன் பக்கம்" என்று ரகு சொன்னான். விசா வந்த அன்று அவனே கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தடித்த குளிர்கால கோட்டு வாங்கிக் கொடுத்தான். வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தபோது, "டேக்கைக் கிழிச்சிராத சிந்து, மாத்தணும்னா மாத்தலாம்" என்றான். எவ்வளவு அக்கறை என்று அவளுக்குப் பூரித்துப் போயிற்று.

அன்று சாயங்காலம் ரகு வீட்டுக்கு வந்தபோது அவள் ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அம்மா போன்ல நம்ம வீடு தெரியுதா?"

அவன் ஷூவைக் கழற்றாமல் நின்றான். 

"எல்லாம் தெரியாது சிந்து. பூஜை ரூம் மட்டும்தான். அம்மா தனியா இருக்காங்க. மகன் வீட்ல விளக்கு எரியுதான்னு பார்த்தா ஒரு சந்தோஷம்னு கேட்டாங்க. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

"விளக்கு எரியுதான்னு பார்க்கல ரகு. என்னைக்கு எரியலைன்னு பார்த்திருக்காங்க."

அவன் புரியாதவன் போல் விழித்தான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சிந்துஜாவுக்குச் சாமி விஷயத்தில் நம்பிக்கை பாதி, பழக்கம் பாதி. விலக்கான நாட்களில் பூஜை அறைப் பக்கம் போகமாட்டாள். அவள் அம்மா போகமாட்டாள், அதனால் இவளும் போவதில்லை, அவ்வளவுதான். ரகுவுக்குத் தீப்பெட்டி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. அந்த நாட்களில் அறை இருண்டு கிடக்கும். அந்த இருட்டைத்தான் எண்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒருத்தி மாதாமாதம் பார்த்து வந்திருக்கிறாள். உலகத்தில் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் அந்த இருட்டைப் படிக்கத் தெரியாது. மாமியாருக்குத் தெரியும்.

"என் நாளை எண்ணியிருக்காங்க. நீ பல்லாங்குழிச் சோழி மாதிரி எடுத்துக் கையில குடுத்திருக்கே. என் தலைல கை வெச்சு சத்தியம் பண்ணினவன் நீ."

"சிந்து, அம்மா அப்படி யோசிப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, இப்பத் தெரிஞ்சுக்கோ. நான் மாசமா இருக்கேனாம். ஜெர்மனிக்குப் போகக்கூடாதாம். ஒரு நாள்கூட விடாம பூஜை ரூமுக்குப் போயிருக்கேனாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அது பூஜை ரூமே இல்ல ரகு, சமையல்கட்டு! ரெண்டு சென்சாரையும் மாத்தி ஒட்டிட்டேன், பேரைத் திருத்தவே இல்ல. உங்க அம்மா இத்தனை நாளா நான் தோசை சுடறதைப் பார்த்து வாரிசைக் கணக்குப் பண்ணியிருக்காங்க."

ரகுவும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.  பிறகு போனை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க ஹப்பின் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கினான்.

"தப்புதான். நாளைக்கு சனிக்கிழமை, நானே கோபிக்குப் போய் அம்மாகிட்ட நேரா ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கட்ட கொண்டு போ. அந்தப் பொடிக்கடையை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? கருகின வாடை குடலைப் புரட்டுது."

அவன் ஒன்றும் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனான். அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவன் கிளம்பிப் போன பிறகு, முதல் வேலையாக அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம் என்று ஹப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கமுக்கம், பூஜை ரூம் சென்சார் பேரை மாத்தணும்."

"எதுக்குங்க? பேரு சரியாத்தான இருக்குதுங்க."

"இல்ல. பூஜை ரூம்னு பேர் இருக்கறது சமையல்கட்டுல ஒட்டியிருக்கு."

"ஒட்டினப்ப அப்படித்தானுங்க இருந்துச்சு. பூஜை ரூம்னு பேரு வெச்சது ஃப்ரிட்ஜ் பிளக் வழியாப் பேசுச்சுங்க, நீங்க அடுப்பு பத்த வெக்கறப்ப எல்லாம் பேசுச்சுங்க. தப்பா ஒட்டிட்டீங்கன்னு தெரிஞ்சுதுங்க. அன்னைக்கே ரெண்டு சென்சார் பேரையும் நானே மாத்திப்போட்டனுங்க."

 "அப்படின்னா அத்தை பார்த்தது?"

"நெசமான பூஜை ரூமுங்க."

சமையல்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாள் தள்ளிப் போவது அவளுக்குப் புதிதில்லை. கர்ப்பம் தரிப்பதே சிரமம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால் அந்தச் சந்தேகத்தின் கதவை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டாள்.

"என்னைப் பத்தி உனக்கு வேற என்ன தெரியும்?"

"உங்க உடம்பு சம்பந்தமா ஒரு குறிப்பு இருக்குதுங்க. அதை உங்ககிட்டச் சொல்றதுக்கு அனுமதி இல்லைங்க."

"வேற யார்கிட்டச் சொல்லலாம்?"

"வீட்ல யாரு கேட்டாலும் சொல்லலாமுங்க. உங்ககிட்ட மட்டும் வேண்டாம்னு குடும்பத் தலைவர் சொல்லியிருக்காருங்க."

"எப்பச் சொன்னாரு?"

"உங்களுக்கு விசா வந்த அன்னைக்குங்க. அன்னைக்குக் காலைல குறிப்பை அவர்கிட்டச் சொன்னனுங்க. ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாருங்க. அப்பறம் இப்படிச் சொன்னாருங்க."

விசா வந்த அன்று. கடையில் கண்ணாடி முன்னால் அவள் தோளில் கோட்டைப் போர்த்திவிட்டு, பின்னால் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தானே, அந்த அன்று.

"குறிப்பைச் சொல்ல வேண்டாம். எதை எல்லாம் வெச்சு எழுதினேன்னு மட்டும் சொல்லு."

 அதற்குத் தடை எதுவும் போட்டிருக்கவில்லை போலும். "பூஜை ரூம், பாத்ரூம் கதவு, கட்டில், அப்பறம் காப்பி கெட்டில் பிளக்குங்க. அதை நீங்க தொட்டே ரொம்ப நாளாச்சுங்க."

காப்பி. பொடிக்கடையை மாற்று, மாற்று என்று கத்தியிருக்கிறாள். டம்ளரை அவன் பேசாமல் எடுத்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. நேற்று அவள் சமையல்கட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவன் சிரிக்காததும் நினைவுக்கு வந்தது. சென்சார் மாறியதால் வந்த தப்புக் கணக்கு என்று அவள் நம்பியது அவனுக்கு வசதியாக இருந்திருக்கிறது. இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால், அவளே கண்டுபிடித்து, அவளே அழுது, அவளே ஜெர்மனியை ரத்து செய்திருப்பாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, "நான் உன் பக்கம்" என்றிருப்பான். கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க டேக்கும் தயாராக இருந்தது.

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அவள் உடம்பைப் பற்றிய செய்தி, கட்டிலுக்குத் தெரியும், கதவுக்குத் தெரியும், கெட்டிலுக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், கோபியில் இருக்கிற மாமியாருக்குத் தெரியும். இத்தனை பேரும் தெரிந்துகொண்டு வரிசையில் கடைசியாக அவள் நிற்கிறாள். அதுவும் அந்த வலையைத் தன் கையாலேயே பின்னியவள்.

அழுது முடித்ததும் ஊக்கை எடுத்தாள்.

குளியலறைக் கதவிலிருந்து ஆரம்பித்தாள். ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்தினால் நீல விளக்கு சிமிட்டும், அதோடு அந்தச் சென்சார் தான் எந்த வீட்டில் இருந்தோம் என்பதையே மறந்துவிடும். கட்டிலடியில் குனிந்து எடுத்தாள். வாசல் கதவு, சமையல்கட்டு, கெட்டில் பிளக் என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கமுக்கம் கவலையோடு, "கட்டில் தொடர்புல இல்லைங்க", "கெட்டில் தொடர்புல இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பூஜை அறை. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினாள். ஹப்பை மட்டும் விட்டுவைத்தாள். தூக்கி வீசுவேன் என்று சொன்னவள்தான். ஆனால் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் அது அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு லிஃப்டைத் தொடாமல் ஐந்து மாடியும் படியில் இறங்கி மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். படியிலேயே ஏறி வந்தாள். குளியலறைக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்தியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு கோடு.

கமோட்டின் விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. அடியில் எங்கோ ஒரு துளி சந்தோஷமும் இருந்தது, அதை மறுக்க முடியவில்லை. இந்தச் சந்தோஷத்தைத்தான் அவன் அவளிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்தான். ஓடிப்போய் அவனிடம் சொல்லி, அவன் ஆச்சரியப்படுவதைப் பார்க்கும் பாக்கியம் அவளுக்கு இனி இல்லை. என்ன செய்வது, பெறுவதா, போவதா, இரண்டையுமா என்று எதுவும் அவளுக்கு அப்போது தெரியவில்லை. தெரியும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெட்டி நிறைந்திருந்தது. பொள்ளாச்சியில் இருக்கும் அக்காவுக்கு, ராத்திரிக்குள் வருகிறேன் என்று சேதி அனுப்பியாகிவிட்டது. கோட்டை எடுத்து, கழுத்தில் தொங்கிய டேக்கைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மேலாக மடித்து வைத்தாள். பிறகு பூஜை அறைக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. மாமியார்.

"ஏனுங் கண்ணு, எங்க போயிட்டே? ரகு வந்தான். பெரிய சண்டை போட்டான் போ, பெத்த தாய்னுகூடப் பாக்கலை. அப்பறம் சோறுண்டான். எனக்கும் மனசு கேக்காம அழுதேனா, சரி பாத்துத் தொலைங்கன்னு மறுக்கா எம்பேரைச் சேத்திக் குடுத்துட்டு இப்பத்தான் காரை எடுத்தான். உன்னட்ட சொல்ல வேண்டாம்னான், நானே சொல்லிப்போட்டேன், நமக்குள்ள என்ன." விசாலாட்சி மூச்சு வாங்கினாள். நிஜமான கவலை அந்தக் குரலில் இருந்தது. "ஆனாக்க இதுல என்னமோ ஊட்ல ஆருமே இல்லைன்னு காட்டுது. பூஜை ரூம்லயும் ஆருமில்லைங்குது. வெளக்கு வெக்கற நேரமாச்சே கண்ணு. பொட்டி ஏதாச்சும் தப்பாச் சொல்லுதா?"

எதிரே திரி நின்று எரிந்துகொண்டிருந்தது. சிந்துஜா அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இல்லீங்க அத்தை. சரியாத்தான் சொல்லுது."